'வைரஸ்' படத்தின் இரண்டாம் பாதி: திரை விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்த் திரை விமர்சகர்களுக்கு,

வணக்கம். கேரளத்தில் நிபா வைரஸ் பரவியதை வைத்து ஆஷிக் அபு இயக்கி 2019-இல் வந்த 'வைரஸ்' மலையாளப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு குறையும் கூடவே வரும்: முதல் பாதி பதறவைக்கிறது, இரண்டாம் பாதி தொய்வு. பார்வதி நடித்த மருத்துவர் அன்னு, 'யார் யாரோடு இருந்தார்கள்' என்று விசாரித்துத் திரிவதைத்தான் தொய்வு என்கிறீர்கள். தொற்றுநோய்த் துறையில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பகுதிதான் த்ரில்லர்.

2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் 23 பேருக்கு, வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வந்தது. 21 பேர் இறந்தார்கள். அங்கே கிருமி உடலில் புகுந்து காய்ச்சல் தெரிய 6 முதல் 14 நாள் ஆனது. ஆகவே 'நேற்று எங்கே போனீர்கள்' என்று கேட்டுப் பயனில்லை. காய்ச்சல் கண்ட தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆறாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே அவர் எங்கெல்லாம் இருந்தார் என்று நாள்வாரியாக எழுத வேண்டும். நோயாளி பெரும்பாலும் நினைவிழந்திருப்பார், அல்லது இறந்திருப்பார். உறவினர் சொல்வதை ஓ.பி. சீட்டு, வார்டு பதிவேடு, ஸ்கேன் எடுத்த நேரம் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். இடறுவது பெரும்பாலும் இங்கேதான்: பதிவேட்டில் நோயாளியின் பெயர் இருக்கும், துணைக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் பெயர் இருக்காது. கோழிக்கோட்டில் சம்பந்தமே இல்லாத குடும்பங்களை இணைத்தது, மருத்துவக் கல்லூரியின் சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே உள்ள நடைவழி. முதல் நோயாளியை மே 5 அன்று அங்கே கொண்டுவந்திருந்தார்கள். அவருக்கு நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. சோதனைக்கு மாதிரி எடுக்குமுன்பே அவர் இறந்துவிட்டார். அத்தனை பாத்திரங்களும் முன்பின்னாக ஓடும் காலமும் திரைக்கதைக்காரரின் குழப்பமல்ல. விசாரணை அப்படித்தான் நடக்கும்.

'ஊரையே அழிக்கும் வைரஸ்' என்றும் எழுதிவிடுகிறீர்கள். கொல்லும் வேகம் வேறு, பரவும் வேகம் வேறு. வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரையிலான நிபா நோயாளிகளை ஆராய்ந்ததில், ஒருவரிடமிருந்து தொற்றியவர் சராசரியாக 0.33 பேர், மூன்று நோயாளிக்கு ஒருவர் என்ற கணக்கு. நெருங்கிப் பராமரித்தவர்களும் மருத்துவமனையில் இருந்தவர்களுமே அதிகம் மாட்டுகிறார்கள். படமும் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே சுற்றுவது அதனால்தான். உயிரி ஆயுதச் சந்தேகம் என்ற கிளைக்கதையை மட்டும் குறைத்திருக்கலாம்; அதை நீங்கள் கடிந்தால் நாங்களும் கூடச் சேர்வோம்.

இன்னொன்று, 'அப்படியே நடந்தது' என்ற பாராட்டு. வௌவாலிடமிருந்து முதல் நோயாளிக்குக் கிருமி வந்த வழியைக் காட்டும் கடைசிக் காட்சி கற்பனை. அவர் குடும்பத்துக் கிணற்றில் பிடித்த வௌவால்கள் பூச்சி தின்பவை. அவற்றில் நிபா இல்லை. பின்னர் அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்களில் கிருமி கிடைத்தது. ஆனால் அது அவரை எப்படி வந்தடைந்தது என்பது உறுதியாகவில்லை. அடுத்த முறை இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது இதை ஒரு வரியில் சொல்லுங்கள். முடிவைச் சொல்லிவிடுவோமோ என்று தயங்கினால், கிணற்று வௌவால் சங்கதியையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தொற்றுநோய்த் தடமறியும் பணியில் இருப்போர் சிலர்