கிண்டல் செய்தால் யார் மாறுவார்?

ஆசிரியருக்கு,

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றிக்கொள்ளவும் கூடிய கட்டற்ற மென்பொருள் பற்றிய கூட்டம் ஒன்றுக்குப் போன மாதம் போயிருந்தேன். தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தை அறிமுகப்படுத்த வந்தவர், காசு கொடுத்து வாங்கும் தரவுத்தளங்களைக் கிண்டல் செய்தே முதல் அரை மணி நேரத்தை ஓட்டினார். முன்வரிசையில் இருந்த கணக்கு அலுவலர் அப்படியொன்றைப் பதினைந்து வருடமாகப் பயன்படுத்துபவர். தேநீருக்கு எழுந்து போனவர் திரும்பவில்லை.

சொல்ல விஷயமா இல்லை? 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. பல மாற்றங்களை ஒரே கட்டாகச் செய்யும் 'பரிவர்த்தனை'க்குள் வைத்து அட்டவணையின் அமைப்பை மாற்றும்போது பாதியில் தவறினால், 'ரோல்பேக்' என்று தட்டினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதை அங்கேயே மடிக்கணினியில் செய்து காட்டியிருந்தால் அந்தக் கணக்கு அலுவலர் நாற்காலியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

எஸ்க்யூலைட் என்ற இன்னொரு இலவசத் தரவுத்தளத்தை உருவாக்கியவர்களைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் எதைத் திறந்தாலும் உள்ளே அவர்கள் சரக்கு இருக்கிறது. ஆனாலும், ஒரே நேரத்தில் பலர் எழுத வேண்டிய வேலையா, வேறு தரவுத்தளம் பாருங்கள் என்று தங்கள் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 'இந்த ரகம் எதிர்க்கடையில் கிடைக்கும்' என்று அனுப்பிவைக்கும் ஜவுளிக்கடைக்காரர் மாதிரி. மறுமுறை நாம் அவரிடம்தானே போவோம்!

அப்புறம், காசு கொடுத்து வாங்கியவர் ஏமாளி இல்லை. நள்ளிரவில் சர்வர் படுத்தால் கூப்பிட ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். போஸ்ட்கிரெஸுக்கும் கட்டணத்துக்கு அந்த உதவி தரும் நிறுவனங்கள் உண்டு. பேச்சாளர் அதை மட்டும் சொல்லவே இல்லை.

– தரவுத்தளப் பயிற்றுநர், திருச்சி