இரசாயனவியல் இரண்டாம் வினாத்தாள்

ஹரோ,
நவம்பர் 2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நாங்கள் மூவரும் நலம். உன் நலத்தை அறிய ஆவல் என்று எழுதுவது கடித வழக்கம்; தீபாவளியன்று நீ அனுப்பிய பெருவிரல் படத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் வராதபடியால், இம்முறை அந்த வரியை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. தொலைபேசியில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நிற்பாள், தம்பி காது கொடுத்துக் கேட்பான், நானும் "சாப்பிட்டாயா" என்பதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆகவே எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே எங்களுடைய குளிரைவிடக் கூடிய குளிர். விற்றமின் டி குளிசையை விட்டுவிடாதே.

உன் பெயருக்கு மாணவர் கடன் அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று ஒக்டோபர் முதல் வாரத்தில் வந்தது, மற்றையது சென்ற செவ்வாய்க்கிழமை. நான் திறக்கவில்லை. அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவை வங்கிக் கடிதங்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தம்பி செப்டெம்பரில் சிக்ஸ்த் போர்மில், அதாவது இங்கத்தைய உயர்தர வகுப்பில், சேர்ந்தான் என்பது உனக்குத் தெரியும். அது எப்படிப் போகிறது என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது அவனுக்கு மனக்குறை. அவன் சொல்லவில்லை, எனக்குத் தெரிகிறது. சாதாரணமான ஒரு சிக்ஸ்த் போர்ம் எப்படியிருக்கும் என்பதை இந்த வீட்டில் நாங்கள் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறோம். பாடம் இல்லாத வேளைகளில் அவர்களுக்கென்று ஒரு பொது அறை இருக்கிறதாம், அங்கே இருந்து அலட்டுகிறார்களாம். பல்கலைக்கழகங்களைப் பார்த்துவர ரயிலில் கூட்டமாகப் போகிறார்களாம். முகத்தை மூடாமல், எவ்வளவு நெருங்கி நிற்கிறோம் என்று அளக்காமல், ஒருவன் கடித்த அப்பிளை இன்னொருவன் வாங்கிக் கடிக்கிறானாம். ஒரு வெள்ளிக்கிழமை, இரசாயனவியல் ஆசிரியர் ஏதோ உலோகத்துண்டைத் தண்ணீரில் போட்டு வெடிக்கவைத்ததை அவன் சோற்றை மறந்து விபரித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பரிசோதனைகளில் பலவற்றை நீ திரையில், அதுவும் நடுவில் நின்று நின்று போகும் காணொளியில் பார்த்துத்தான் படித்தாய் என்பது எனக்கு நினைவு வந்தது. நான் எழுந்து போய்க் கை கழுவிவிட்டேன்.

அன்றிலிருந்து உன்னுடைய அந்தக் கொரோனாக் கால இரண்டரை ஆண்டுகளும் என்னை விடுவதாயில்லை. வேலையில் பாண் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்கும்போதும் அதுதான் ஓடுகிறது. 2020 மார்ச் 18ஆம் திகதி புதன்கிழமை, வெள்ளிக்கிழமையோடு பாடசாலைகள் மூடப்படும் என்றும் கோடைகாலப் பரீட்சைகள் நடைபெறமாட்டா என்றும் கல்வி அமைச்சர் கவின் வில்லியம்சன் அறிவித்தார். வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது உன் வெள்ளைச் சட்டை முழுவதும் சிநேகிதிகளின் கையெழுத்தாக இருந்தது. ஜூன் மாதத்தில் ஆறுதலாகச் செய்ய வேண்டிய பிரியாவிடையை நீங்கள் ஒரே பகலில் செய்து முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. நல்ல சட்டையைப் பாழாக்கிவிட்டாய் என்று ஏசினேன். அம்மா அதைக் கழுவப் போட்டாள். அந்தச் சட்டையைப் பற்றி நீ பிறகு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்போதே உனக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது.

அந்த ஓகஸ்ட் மாதத்தைப் பற்றி உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லவேண்டும். உனக்கு மூத்த, பரீட்சை எழுதாத ஏ லெவல் (உயர்தர) பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் கொடுத்த தரங்களை பரீட்சைகளை மேற்பார்க்கும் ஒஃப்குவால் நிறுவனம் ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டு எடுத்து, 13ஆம் திகதி பெறுபேறுகள் வந்தபோது, இங்கிலாந்தில் ஏறக்குறைய 40 வீதமான தரங்கள் ஆசிரியர்கள் கொடுத்ததிலும் பார்க்கக் குறைக்கப்பட்டிருந்தன. ஒரு பிள்ளையின் தரத்தைத் தீர்மானிப்பதில், அந்தப் பாடசாலையில் முந்தைய ஆண்டுகளில் படித்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. அதற்கு அவர்கள் வைத்திருந்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் தரப்படுத்தல். தொலைக்காட்சியில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எனக்குக் கை நடுங்கியதை நீ பார்த்தாய்; "கொரோனாவோ, அப்பா?" என்று கேட்டுவிட்டு வெப்பமானியைத் தேடி ஓடினாய்.

பெரியப்பாவின் கதை உனக்குத் தெரியும். இலங்கையில் அதே தரப்படுத்தல் என்ற பெயரில், 1971இல் மருத்துவபீடத்துக்குப் போகத் தமிழில் எழுதியவர்களுக்கு 400க்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன, சிங்களத்தில் எழுதியவர்களுக்கு 229 போதுமாயிருந்தது, பெரியப்பா எடுத்தது 243. அவர் தபாற்கந்தோரில் முத்திரை குத்தப் போன கதையைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். அரசாங்கம் நான்கே நாட்களில், 17ஆம் திகதி, பின்வாங்கி ஆசிரியர் கொடுத்த தரங்களையே ஏற்றுக்கொண்டதும், 20ஆம் திகதி உன்னுடைய ஜிசிஎஸ்இ (பதினாறு வயதுப் பொதுப் பரீட்சை) பெறுபேறுகள் அப்படியே குறைவின்றி வந்ததும் உண்மைதான். ஆனால் என் மனத்தில் அது முடியவில்லை. நாளைக்கே இன்னொரு சூத்திரத்தோடு வருவார்கள், அதில் எங்கள் பிள்ளை அகப்படுவாள், ஒரு புள்ளியும் சும்மா விடக்கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் உன்னைச் சிக்ஸ்த் போர்முக்கு அனுப்பினேன். அதில் அதியுயர் தரமான உன்னுடைய 9களைப் பார்த்து, "பரீட்சை எழுதாமல் வந்த ஒன்பது" என்று மாமாவின் முன்னால் சொல்லிச் சிரித்ததும் நான்தான். கோயிலில் யாரைக் கண்டாலும் அதே ஒன்பதுகளை எண்ணிச் சொன்னவனும் நான்தான்.

பிறகு நடந்தவை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் செப்டெம்பரில் வகுப்புகளை ஒன்றோடொன்று கலக்காத குமிழிகளாகப் பிரித்தார்கள். யாரோ ஒரு பிள்ளைக்கு நோய் வந்ததென்று நீ இரண்டுமுறை பதினான்கு நாட்கள் வீட்டுக்குள் இருந்தாய். 2021 ஜனவரி 4ஆம் திகதி இரவு பொறிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றி மீண்டும் எல்லாவற்றையும் மூடினார், மார்ச் 8ஆம் திகதிதான் திறந்தார்கள். அந்த ஒன்பது வாரங்கள் நீ குசினி மேசையின் ஒரு பாதியிலும் தம்பி மறு பாதியிலுமாகப் படித்தீர்கள். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து பின்வளவுக் கொட்டிலில் உடுப்பு மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். நான் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் நித்திரை. குசினிக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான் என்பதால், ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் நீ வாய் திறந்து சொல்லாமல் எழுத்தில் மட்டுமே பதில் போட்டுக்கொண்டிருந்தாயாம். வகுப்பில் நீ கதைப்பதேயில்லை என்று பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் சொன்னபோது அதற்கும் உன்னைத்தான் ஏசினேன். என்னுடைய நித்திரைக்காக நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்பதைத் தம்பி சொல்லித்தான் போன மாதம் அறிந்தேன். நீ ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் மாமா வீட்டில் போய்ப் படுத்திருப்பேனே. எதையும் சொல்லாமல் வைத்துக்கொண்டு தகப்பனைக் குற்றவாளியாக்குவது நல்ல பழக்கமல்ல, மகள்.

இல்லை, இந்த வரியை வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டினால் வேறொரு பொய்யாகிவிடும் என்பதால் விட்டிருக்கிறேன்.

யூகாஸ் என்ற பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் மருத்துவத்துக்கு நான்கு தெரிவுகள்தான் போடலாம் என்றபடியால் ஐந்தாவதாக நீ புவியியலை எழுதினாய். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் பெறுபேறுகள் உயர்ந்து மருத்துவபீடங்கள் நிரம்பி வழிந்ததனால் உன் ஆண்டில் போட்டி இன்னும் கடுமையாக இருந்தது. மூன்று இடங்கள் இல்லை என்றன, ஒன்று ஆம் என்றது, புவியியல்காரர் எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஆம் என்றார்கள். அந்த மின்னஞ்சலைக் காட்டியபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நதி எங்கே ஓடுகிறது என்று படிக்கவா நாங்கள் கடல் கடந்து வந்தோம்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி அப்போது எனக்குக் கெட்டித்தனமானதாகத் தோன்றியது.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். 2022 ஜூன், இரசாயனவியல் இரண்டாம் வினாத்தாளுக்கு முதல் நாள் இரவு. எனக்கு அன்று விடுமுறை. நீ குசினிக்கு வந்து, குழாயைத் திறந்து, தண்ணீர் பிடிக்காமலே மூடிவிட்டு, "நாளைக்குப் போகாட்டி என்ன நடக்கும், அப்பா?" என்று கேட்டாய். உன் வயதுப் பிள்ளைகள் அதற்கு முன் ஒரு பொதுப் பரீட்சைக்கும் மண்டபத்தில் போய் இருந்ததில்லை. அந்தக் கோடையில்தான் பதினெட்டு வயதில் முதன்முதலாக வரிசையில் இட்ட மேசையில், சுவரில் மணிக்கூடு தொங்க, பேர் தெரியாத ஒருவர் நடந்து திரிந்து காவல் பார்க்க, இருந்து எழுதினீர்கள். பெப்ரவரியில் எந்தெந்தப் பகுதிகளிலிருந்து கேள்விகள் வரும் என்று முன்னறிவித்தல் தந்தார்கள், தரங்களையும் 2019க்கும் 2021க்கும் நடுவில் வைப்போம் என்றார்கள். அதையெல்லாம் நான் உனக்குச் சலுகை என்று சொன்னேன். அன்றிரவும் சொன்னேன். சொல்லிவிட்டு ஜாம் போத்தல் விளக்குக் கதையை எடுத்தேன். 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபிறகு, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்ததையும், நான்கு பாடங்களும் எழுதி, மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு நான்கே நான்கு புள்ளிகள் குறைந்ததால் மருத்துவபீடத்தைத் தவறவிட்டதையும் இருபது நிமிடங்கள் சொன்னேன். நீ முழுவதும் கேட்டாய். பிறகு என் தேநீர்க் கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு மேலே போனாய்.

மகள், விளக்கு உண்மை. படித்ததும் உண்மை. நான்கு பாடங்களும் எழுதினேன் என்பது பொய். இரசாயனவியல் இரண்டாம் வினாத்தாள் அன்று நான் பரீட்சை மண்டபத்துக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூருக்குப் போய்த் தேர்முட்டியின் நிழலில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். குண்டு விழுந்தது, வழி மறித்தார்கள் என்று சொல்ல எவ்வளவோ நாட்கள் இருந்தன. அன்றைக்கு வானத்தில் ஒன்றுமில்லை, தெருவிலும் ஒன்றுமில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போனேன், அப்பம்மா புட்டு அவித்து வைத்திருந்தார், "நல்லாச் செய்தியோ?" என்றார், ஓம் என்றேன், சாப்பிட்டேன். பெறுபேற்றுத் தாள் வந்தபோது அதை அடுப்பில் போட்டுவிட்டு வெட்டுப்புள்ளிக் கதையைச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கதையை நம்பாத ஆள் இருக்க முடியாது. பெரியப்பாவுக்கு நடந்த அநியாயத்தை நான் எடுத்து உடுத்திக்கொண்டேன். அவர் ஒருவர்தான் என்னிடம் எத்தனை புள்ளி என்று கடைசிவரை கேட்கவேயில்லை.

போகாவிட்டால் என்ன நடக்கும் என்று நீ கேட்ட அந்த இரவில், அந்த வீட்டில் விடை தெரிந்த ஒரே ஆள் நான். மற்றவர்களுக்குச் சொன்ன பொய்யையே உனக்கும் சொல்லி அனுப்பினேன். காலையில் நீ போனாய். ஓகஸ்ட் 18ஆம் திகதி ஏ என்று வந்தது; நான் தெருவெல்லாம் சொன்னேன். நீ போய் இருந்து எழுதிய அந்த மூன்று வினாத்தாள்களைவிடப் பெரிய காரியம் எங்கள் பரம்பரையில் ஒருவரும் செய்யவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் அதை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வேலையால் வந்தபிறகு நானே சொல்லுவேன். அதற்கு முன் நீ சொல்லிவிடாதே. அதற்கு அடுத்த சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. காலை ரயிலில் வந்தால் மதியத்துக்கு அங்கே நிற்கலாம். வரவேண்டாம் என்றால் வரவேண்டாம் என்று எழுது, பெருவிரல் படம் போடாதே, அது வா என்பதா வராதே என்பதா என்று எனக்கு விளங்குவதில்லை. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் தனிப் பொதியாக அனுப்பியிருக்கிறேன்; தூள் போத்தலின் மூடி சற்று இளக்கம், நிமிர்த்தி வை. நேரத்துக்குச் சாப்பிடு.

அரிசி வாளிக்குப் பின்னால் இருந்த இரண்டு கடிதங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கின்றன.

அன்புடன்,
அப்பா