மூன்றரை சென்டிமீட்டர் குறைகிறது

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு

பொருள்: மனை விளம்பரம் பற்றிய புகார், முன்பணம் ரூ.25,000 திருப்பிக் கேட்பது

ஐயா,

வணக்கம். போன மாதம் ஞாயிறு பேப்பரில் அரைப் பக்கத்துக்கு வந்த உங்கள் விளம்பரத்தைப் பார்த்து, அன்று காலையே போனில் பணம் அனுப்பி மனை பதிவு செய்தவன் நான். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் 22 வருடம் டி.டி.பி. வேலை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்த்தேன். இந்த மாதிரி விளம்பரங்களை நானே நிறைய செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் இதில் எது தொழில், எது ஏமாற்று என்று எனக்கு ஓரளவு தெரியும்.

படத்தில் அப்பாவின் தோளில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. அது பார்க்கிற திசையில் "ரூ.4.99 லட்சம்". பக்கத்தில் வேட்டி கட்டிய சீரியல் நடிகர், அவருடைய விரலும் அங்கேதான் நீள்கிறது. சரி, இதெல்லாம் பழைய வித்தைதான். படத்தில் இருக்கிற முகம் எங்கே பார்க்கிறதோ, படிக்கிறவர் கண்ணும் அங்கே போகும். விலைக்கு மஞ்சளில் சிவப்பு எழுத்து, ஓர் அங்குல உயரம். விலையை ஒட்டி வரும் "முதல்" என்ற சொல்லுக்கு மட்டும் 6 பாயின்ட் பொடி எழுத்து. பின்னால் தெரியும் வீட்டில் புகைபோக்கி இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் யார் கணப்பு மூட்டிக் குளிர்காயப் போகிறார்கள்? வெளிநாட்டுப் படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் நான் சண்டைக்கு வரவில்லை. தங்கக் காசு என்று சொல்லிவிட்டு, நிபந்தனை உண்டு என்பதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டதற்கும் வரவில்லை.

நான் சண்டைக்கு வந்தது அந்த வரைபடத்துக்காக.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு 4 சென்டிமீட்டர். செங்கல்பட்டிலிருந்து உங்கள் மனைப்பிரிவு 1 சென்டிமீட்டர். மேலே கொட்டை எழுத்தில் "செங்கல்பட்டுக்கு மிக அருகில்". தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் உங்கள் மனை ஏழெட்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை உங்கள் வேனிலேயே போனோம். செங்கல்பட்டு போய், மதுராந்தகம் ஏரியும் போய், அப்புறம் ஜி.எஸ்.டி. சாலையை (சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை) விட்டு உள்ளே 9 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து மொத்தம் 34 கிலோமீட்டருக்குக் குறையாது. உங்கள் வரைபடக் கணக்கில் அது நாலரை சென்டிமீட்டர், நீங்கள் போட்டது ஒன்று. வேனிலிருந்து இறங்கியதும் என் மாமியார், "வேடந்தாங்கலுக்கா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார்.

விமான நிலையம், மருத்துவக் கல்லூரி, ஐ.டி. பூங்கா எல்லாம் உங்கள் மனையைச் சுற்றி நவக்கிரகம் மாதிரி நிற்கின்றன. நேரான சிவப்புக் கோடு, வளைவே இல்லாத சாலை. அழகுக்குப் போட்ட படத்தை யாரும் நம்பிப் பணம் கட்டுவதில்லை. வரைபடத்தை நம்புவார்கள், நானும் நம்பினேன். "அளவுப்படி வரையப்பட்டதல்ல" என்பதைப் பக்க ஓரத்தில் செங்குத்தாக, அதுவும் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறீர்கள். விளம்பரம் எந்த மொழியில் சொல்கிறதோ, பொறுப்புத் துறப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்று 2022இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை வெளிர் பச்சை மேல் வெள்ளையில் அச்சடித்திருக்கிறீர்கள். லென்ஸ் வைத்துத்தான் படித்தேன். விளம்பரத்தில் அது எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11ஆம் பிரிவு.

4.99 லட்சத்துக்கான 600 சதுர அடி மனைகள் முடிந்துவிட்டனவாம். மிச்சம் எல்லாம் அரை கிரவுண்டு, கிட்டத்தட்ட 12 லட்சம் என்றார் உங்கள் ஆள். ஆனால் "7 மனைகள் மட்டுமே" என்ற வரி அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே வந்தது. அந்த 7தான் அன்று காலை என்னை அவசரப்படுத்தியது. 22 வருடம் இதே வரியைக் கம்போஸ் செய்தவன் அதிலேயே விழுந்தேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முன்பணம் திரும்ப வராது என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டியவர் விலகினால், முழுப் பணத்தையும் வட்டியோடு கொடுக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு. 15 நாளுக்குள் ரூ.25,000 என் கணக்குக்கு வரவேண்டும். வராவிட்டால் பேப்பரின் அந்தப் பக்கத்தையும், நான் அளந்து குறித்த வரைபடத்தையும், வேனிலிருந்து எடுத்த கிலோமீட்டர் கல் போட்டோக்களையும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் கொடுப்பேன். ரசீது நகல் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் 43ஆம் மனையைப் பதிவு செய்தவர்