மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கூட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டாஸ்மாக் கடைகளை மூடுவதா வேண்டாமா என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். குடியை விட நினைக்கிற ஆள் எங்கே போவார் என்று மட்டும் யாரும் எழுதக் காணோம்.

நாங்கள் பேச்சிப்பாறைப் பக்கம். என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால், வெட்டி, சிரட்டையில் நிறைந்த பாலை எடுத்து, ஷீட் அடித்துக் கை கழுவும்போது பதினொன்றரை ஆகும். பன்னிரண்டுக்குக் கடை திறக்கிறது. வெட்டுக்காரர்களுக்கென்றே நேரம் குறித்த மாதிரி இருக்கும். மழை பிடித்தாலோ வெட்டே கிடையாது. நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சும்மா இருக்கிற அந்த நாட்களில்தான் கடன் வாங்கியாவது குடிப்பது.

அவராகவே விட வேண்டும் என்று சொன்ன பிறகு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இதை அழுத்திச் சொல்கிறேன்: வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் வீட்டிலிருந்தபடி திடீரென்று நிறுத்தக்கூடாது. கைநடுக்கத்தில் தொடங்கி, சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும்; மூன்றாம் நாள் வாக்கில் ஆள் தெரியாமல் பிதற்றுவார்கள், உயிரும் போகலாம். அந்த முதல் வாரத்துக்கு மருத்துவர்தான் வேண்டும், போன் போதாது.

போன் உதவுவது அதற்கப்புறம். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு நகரம் வரை பஸ்ஸில் போனால், திரும்பி வரக் கடைசி பஸ் கிடைக்குமா என்ற கவலையிலேயே பாதிக் கூட்டம் போய்விடும். போதாக்குறைக்கு, பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். “எங்க போறீரு?” என்று கேட்டால் என்ன சொல்வது? ஆன்லைனில் தமிழில் ஒரு கூட்டம் கிடைத்தபோது அவருக்கு அது பெரிய ஆறுதல். ஷீட் அடிக்கிற சாய்ப்புக்குப் பின்னால் போய், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் கூட்டம் இரவு எட்டரைக்கு. விடியுமுன் எழுகிறவர் எட்டரைக்கு விழித்திருப்பதே பெரும்பாடு. வீடியோ போட்டால் டவர் இழுக்காது. அவருக்கு ஆள் துணை தேவைப்படுவதோ மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு.

அரசின் மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் குறை சொல்லவில்லை, அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் தினமும் பேச, குடித்து மீண்ட ஒருவரின் பழகிய குரல் வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமே ஒரு போன் அழைப்பில் தொடங்கியதுதான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகர ஓட்டலில், பக்கத்து மதுக்கூடம் இழுக்கிறதே என்று தவித்த பில் வில்சன், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடி வரிசையாகப் போன் செய்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப்; இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் அந்த இயக்கம்.

ஆகவே என் வேண்டுகோள்: மீண்டவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் பகல் பன்னிரண்டு மணிக்கு, வீடியோ இல்லாமல் குரல் மட்டும் போதும் என்ற அளவில், ஒரு கூட்டம் நடத்த வேண்டும். மனைவிமாருக்குத் தனியாக ஒன்று. அல்-அனான் என்று அதற்கும் ஓர் அமைப்பு 1951 முதல் உண்டு. நல்ல போன் இல்லாதவர்கள் உட்கார ஊராட்சி நூலகங்களில் ஒரு மூலை கொடுத்தால் செலவொன்றும் ஆகாது.

இல்லாவிட்டால் எங்களைப் போன்ற பெண்கள் போனில் தேடும்போது முதலில் வந்து விழுவது பொடி விளம்பரம்தான். ‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்கிறான். அதில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது? குடியை நிறுத்த மருத்துவர்கள் கொடுக்கிற டைசல்ஃபிராம் மாதிரி மாத்திரையைத் தெரியாமல் தின்றவர் மேலே குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். அப்படிப்பட்ட விளம்பரத்தைப் பத்திரிகைகளின் வரி விளம்பரப் பகுதியிலும் பார்த்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுடையதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த இடத்தில், அல்லது ரப்பர் விலை போடுகிற கட்டத்துக்குக் கீழே, தமிழ்க் கூட்டங்களின் நேரத்தை நான்கு வரியில் போடலாமே. ரப்பர் விலை பார்க்காத வெட்டுக்காரர் எங்கள் பக்கம் கிடையாது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.