வழித்தடப் படத்தில் நடைதூரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டப் பணிகளில் தூண்களையும் சுரங்கங்களையும் பற்றிப் பேசும் அளவுக்கு, புதிய தடங்கள் மூன்றும் சேர்ந்தபின் நிலையச் சுவர்களில் இடம்பெறப்போகும் வழித்தடப் படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இவ்வகைப் படங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது, லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்தில் வரைவாளராக இருந்த ஹாரி பெக் 1931-இல் வரைந்தது. பூமிக்கடியில் செல்லும் பயணிக்குத் தெருவின் வளைவு நெளிவு தேவையில்லை, அடுத்த நிலையம் எது, எங்கே இறங்கி மாறுவது என்பவை தெரிந்தால் போதும் என்று கருதிய அவர், தடங்களைக் கிடைமட்டம், செங்குத்து, 45 பாகைச் சாய்வு ஆகியவற்றுக்குள் அடக்கி, நெரிசலான நகர மையத்தை விரித்து, புறநகரைச் சுருக்கினார். முதலில் மறுத்த நிர்வாகம் 1933-இல் அதை வெளியிட்டபோது மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். தரைமேல் உள்ளவற்றில் அவர் விட்டுவைத்தது தேம்ஸ் நதியை மட்டுமே. 2009-இல் அதையும் நீக்கிப் பார்த்தார்கள். கிளம்பிய எதிர்ப்பில் சில மாதங்களுக்குள் நதி படத்துக்குத் திரும்பிவிட்டது.

இந்த எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்துக்கும் கோவன்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை என்பதைப் படத்தை மட்டும் பார்ப்பவர் அறிய வழியில்லை; நடந்தே போகக்கூடியவர் ரயிலுக்குக் காத்திருப்பார். நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1972-இல் வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லி தந்த அழகான படத்தில், நீண்ட சென்ட்ரல் பார்க் ஏறக்குறையச் சதுரமாகிச் சாம்பல் நிறம் பூண்டது. தெருக்கள் கட்டம் கட்டமாக மனத்தில் பதிந்துபோன ஊரில் அது எடுபடவில்லை. 1979-இல் வேறு படம் வந்தது.

சென்னையின் சிக்கல் வேறு. சென்ட்ரலில் மெட்ரோவை விட்டு மேலே வரும் ஒருவர், அரக்கோணம் செல்ல மூர் மார்க்கெட் வளாகத்துக்கும், தாம்பரம் செல்லச் சாலையைக் கடந்து பார்க் நிலையத்துக்கும், வேளச்சேரி செல்ல அதையும் தாண்டிப் பார்க் டவுனுக்கும் போக வேண்டும். மெட்ரோவை மட்டும் காட்டும் படத்தில் இவை இடம்பெறா. எல்லாவற்றையும் ஒரே வட்டத்தில் அடைத்தாலோ, பெட்டியும் குழந்தையுமாக வருபவர் அந்த நடையை எதிர்பார்க்க மாட்டார். மெட்ரோ தடங்கள் இரண்டும் பறக்கும் ரயிலும் சந்திக்கவிருக்கும் திருமயிலையிலும் இதே கேள்வி எழும்.

ஆகவே மெட்ரோ, புறநகர் மின்சார ரயில், பறக்கும் ரயில் மூன்றும் யாருடைய நிர்வாகத்தில் இருந்தாலும் ஒரே படத்தில் வர வேண்டும். ஒரே கூரையின் கீழ் மாறும் இடத்துக்கு ஒரு குறியும், தெருவில் இறங்கி நடக்க வேண்டிய இடத்துக்குப் புள்ளிக்கோடும் நிமிடக் கணக்கும் தேவை. தமிழ்ப் பெயர்களை முதலில் அமைத்து, அவற்றுக்கேற்பத் தடங்களை வளைப்பதும் அவசியம். ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். சென்ட்ரல்’ என்பதைக் கடைசியில் கிடைத்த சந்தில் நுழைத்தால் எழுத்து எறும்பளவாகிவிடும்.

அச்சுக்கு அனுப்புமுன் மாதிரிப் படத்தைச் சென்ட்ரலில் வெளியூர்ப் பயணிகள் சிலரிடம் கொடுத்து, அவர்கள் எங்கே திகைக்கிறார்கள் என்று பார்க்கப் பெரிய செலவு ஆகாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சைதாப்பேட்டை, சென்னை