தமிழில் அறிவியல் சொன்னவர்களின் தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தாருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தாருக்கும் வணக்கம்.

இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் 2018-ல் மறைந்தார். 2021-ல் அவருடைய தாள்கள், ஏறத்தாழ 10,000 பக்கங்கள், வாரிசு வரியைப் பணமாகக் கட்டுவதற்கு ஈடாக அரசால் பெறப்பட்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயின. நியூட்டன், டார்வின் தாள்களும் அங்கேதான் இருக்கின்றன. 1988-ல் வெளிவந்து உலகமே வாங்கிப் படித்த அவருடைய 'A Brief History of Time' புத்தகத்தின் ஆரம்ப வரைவும் அதில் உண்டு. எனக்கு அதுதான் பெரிது. ஒரு சமன்பாடு சேர்த்தால் விற்பனை பாதியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். ஐன்ஸ்டைனுடைய ஒன்றை மட்டும் விட்டுவைத்ததாக ஹாக்கிங்கே எழுதியிருக்கிறார். எதை எழுதினார், எதை அடித்தார், வாசகர் எங்கே திணறுவார் என்று யோசித்தார் என்பதெல்லாம் வரைவைப் பார்த்தால்தான் புரியும்.

சிங்கப்பூரில் வாரிசு வரி 2008-லேயே நீங்கிவிட்டது. அதனால் தாள்கள் தாமாக உங்களிடம் வந்து சேராது. குடும்பத்தாரிடம் போய்க் கேட்டால்தான் உண்டு.

நண்பர் ஒருவரின் அப்பா இயற்பியல் ஆசிரியர். ஓய்வுக்குப் பிறகு தமிழ் நிகழ்ச்சிகளில் அறிவியல் பேசியவர். அவர் காலமானதும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்தார்கள். பெரும்பகுதித் தாள்கள் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் போய்விட்டன. மிஞ்சியது ஒரு பிஸ்கட் டின். துருப்பிடித்த கிளிப்புகள், ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள். சார்பியல் பற்றிய உரையில் இரண்டு பக்கக் கணக்கைக் குறுக்கே அடித்துவிட்டு, எம்ஆர்டி ரயில் ஒன்றை வரைந்து, ஜன்னலோரம் ஒரு கடிகாரம் வைத்திருந்தார். பக்கத்தில் பென்சிலால், "பின்வரிசைப் பாட்டிக்குப் புரியுமா?" என்று ஒரு வரி. பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2015-ல் சமூகத்தோடு சேர்ந்து, ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் தந்தீர்கள். நல்ல காரியம். அப்புறம் அச்சேறாத தாள்களுக்கும் வாருங்கள். "அப்பாவின் நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்" என்று தமிழிலேயே அறிவியுங்கள். குடும்பக் கடிதங்கள் வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்குவார்கள். அவற்றைச் சில ஆண்டுகள் மூடிவைக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டியல் போடத் தமிழும் இயற்பியலும் தெரிந்த ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் தொண்டூழியர்களாக வரத் தயாராக இருக்கிறோம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தாள் ரொம்ப நாள் தாங்காது. அந்த டின்னை யாரிடம் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்