உச்சி வெயிலில் ஒரு குச்சி

மோல்மேன்,
மார்ச் 9

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்தது. கோயில் கோடை வகுப்பில் இந்த வருஷம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அறிவியலும் உண்டு, அதுவும் உன் பொறுப்பில் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் எல்லாமே பர்மியம், தமிழ் வீட்டிலும் கோயிலிலும் மட்டும். இவர்களுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய்.

கலைச்சொல் பட்டியலோடு ஆரம்பிக்காதே. ஒளிச்சேர்க்கை, ஆவியாதல் என்று பலகையில் எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதோடு சரி. அவர்கள் வாயில் ஏற்கனவே இருக்கிற தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள். சில சொற்கள் பிள்ளைகளைவிடக் கூர்மையானவை, சில சொற்கள் அவர்களை ஏமாற்றுபவை. இரண்டுமே பாடத்துக்கு உதவும்.

முதலில் 'கரைதல்'. உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பாதிப் பிள்ளைகள் "உருகிப் போச்சு" என்பார்கள். பர்மியத்தில் இரண்டுக்கும் 'ப்யோ' என்ற ஒரே அடிச்சொல் இருப்பதால் அது இயல்புதான். தமிழில் உருகுவது வேறு, கரைவது வேறு. உருகச் சூடு வேண்டும், கரையத் தண்ணீர் வேண்டும். இதை நீ சொல்லாதே, பனைவெல்லத்தைச் சொல்ல விடு. ஒரு துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் போடு. இன்னொரு துண்டை எவர்சில்வர் கரண்டியில் வைத்து மெழுகுவத்திமேல் நீயே பிடி, பிள்ளைகள் கையில் கொடுக்காதே. சீக்கிரம் கருகிவிடும், இளகியதும் எடுத்துவிடு. அப்புறம் "எதுக்கு எந்தச் சொல்?" என்று கேள். ஐந்து நிமிஷத்தில் அவர்களே பிரித்துவிடுவார்கள்.

அடுத்தது உப்பு எங்கே போனது என்பது. 200 மில்லி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி உப்பு. தண்ணீர் உள்ள டம்ளர், உப்பு வைத்த தாள், கரண்டி மூன்றையும் சேர்த்துத் தராசில் வைத்து எடையை எழுது. கலக்கியபின் மூன்றையும் திரும்ப வைத்து நிறு. கரண்டியை விட்டுவிட்டால் அதில் ஒட்டிய தண்ணீரால் எடை குறையும், "உப்பு போயிடுச்சு" என்று அதையே சாட்சியாகப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அந்தத் தண்ணீரில் இரண்டு கரண்டி எடுத்து ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வை. வெள்ளைத் தட்டு வேண்டாம், படிந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. அலுமினியமும் வேண்டாம், உப்பு அரித்துவிடும். சர்க்கரையில் செய்தால் எறும்புக்குத்தான் விருந்து. இதை ஏப்ரலுக்குள் முடித்துவிடு. மழை பிடித்துவிட்டால் தட்டு காயவே காயாது, காய்ந்த உப்பும் மறுபடி ஈரம் இழுத்துக்கொள்ளும். காய்ந்த தட்டைக் காட்டும்போது, 'காணாமல் போவது' வேறு, 'இல்லாமல் போவது' வேறு என்று ஒரே ஒரு வரி பலகையில் எழுது. வேறு விளக்கம் தேவைப்படாது.

விதைப் பாடத்துக்குப் பாசிப்பயறு போதும். ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கொஞ்சம், தண்ணீருக்குள் மூழ்கக் கொஞ்சம் வை. ஊறவைக்காத பயறு கொஞ்சம் காய்ந்த துணியில் இருக்கட்டும். மூழ்கியது முளைக்காது என்று முன்கூட்டியே அறிவித்துவிடாதே. முதல் நாளில் அதிலும் வேர்முனை எட்டிப்பார்க்கும். நாலாம் நாள் நாற்றமெடுத்து அழுகும், காற்றுப் போதாமல். அதுவரை பொறுத்திரு.

இன்னொரு சிக்கல் இருட்டில் வைத்த பயறு. வெளிச்சத்தில் இருப்பதைவிட அது உயரமாக வளர்ந்து நிற்கும், "இருட்டுதான் நல்லது" என்று பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். அளந்தது சரிதான், மறுக்காதே. நிறத்தைப் பார்க்கச் சொல், தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல். முளைப்பாரியை ஏன் இருட்டறையில் வளர்க்கிறார்கள், ஏன் அது வெளிர் மஞ்சளாக இருக்கிறது என்று கேள். அம்மன் கோயில் பிள்ளைகளுக்கு அது தெரிந்த விஷயம். விதைக்குள் இருக்கிற சாப்பாட்டைச் செலவழித்து வெளிச்சம் தேடி நீள்கிறது என்பதை அங்கே சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது நான் ரொம்பவும் ஆசைப்படுகிற பாடம், நிழல். 'உச்சி வெயில்' என்ற சொல் இங்கேதான் ஏமாற்றுகிறது. தினமும் நடுப்பகலில் சூரியன் நேர் தலைக்குமேல் வருகிறது என்று பிள்ளைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் நம்புகிறார்கள். உங்கள் ரங்கூனில் அது வருஷத்துக்கு இரண்டே முறைதான், மே 7 வாக்கிலும் ஆகஸ்ட் 5, 6 வாக்கிலும். ஆகஸ்டில் மேகம் விடாது. மே மாதத்து நாள் கோடை வகுப்புக்குள்ளேயே வருவது நம் அதிர்ஷ்டம்.

30 செ.மீ. நேரான குச்சி ஒன்று போதும். மண் நிரப்பிய டப்பாவில் நடாதே, நிழல் குட்டையாகும்போது டப்பாவின் மேலேயே விழுந்துவிடும். ஒரு பலகையில் அடியிலிருந்து ஆணி அடித்துக் குச்சியை நிறுத்து. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் குச்சி செங்குத்தா என்று பார். கோயில் முற்றத்துச் சிமெண்டுத் தரை தண்ணீர் ஓடச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். ஒரு பாகைச் சரிவே நிழல்முனையை அரை செ.மீ. தள்ளிவிடும். பலகைமேல் தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் மடித்த அட்டையைச் செருகு.

ரங்கூனில் உச்சிப்பொழுது சரியாக 12 மணிக்கு வராது. நம் நாட்டுக் கடிகாரம் கிழக்கு 97½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. அது எங்கள் மோல்மேனை ஒட்டிப் போகிறது, நீங்கள் அதற்கு மேற்கே இருக்கிறீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் உங்களுக்கு 12:08, மே முதல் வாரத்தில் 12:02. ஆகவே 11:50 முதல் 12:20 வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழல்முனையில் புள்ளி வைத்தால், குச்சிக்கு மிக அருகில் இருக்கும் புள்ளிதான் அன்றைய கணக்கு.

நிழல் வருமுன்னே ஒவ்வொரு பிள்ளையும் தான் நினைக்கிற இடத்தில் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுப் பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தையும் எழுதவேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதே. பெரும்பாலும் எல்லாக் குறிகளும் குச்சியடியிலேயே குவியும். 'உச்சி' என்ற சொல்தான் காரணம். ஏப்ரல் 5 வாக்கில் நிழல் வடக்கே ஏறக்குறைய 5½ செ.மீ. தள்ளி விழும். தண்ணீர்த் திருவிழா, நம் வருஷப்பிறப்பு நேரத்தில் 4 செ.மீ. ஏப்ரல் 25 வாக்கில் 2 செ.மீ. ஒரே தாளில் தேதி போட்டுக் குறித்துவா. மே 7இல் குச்சிக்கு நிழலே இருக்காது. மே 20இல் நிழல் தெற்குப் பக்கம் போயிருக்கும். எந்தப் பக்கம் போகும் என்று முந்தைய வாரமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

நிழல்முனை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மங்கலாகத்தான் தெரியும், சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டாக இருப்பதால். அதற்குள் வரும் வித்தியாசத்துக்குச் சண்டை போடவிடாதே. மே 7 அன்று குச்சியோடு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டையும் செங்குத்தாக நிறுத்து. தரையில், குழாய்க்குள் முழு வட்டமாக வெயில் விழுவதை மேலிருந்து எட்டிப்பார்க்கலாம். குழாய் வழியாகச் சூரியனை யாரும் பார்க்கக்கூடாது, அதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடு.

கோயிலில் எல்லோரும் வெறுங்கால். நடுப்பகலில் அந்தச் சிமெண்டு கொதிக்கும். நனைத்த கோணிச்சாக்கை விரித்து வை, இரண்டிரண்டு பேராகப் புள்ளி வைத்துவிட்டு மண்டபத்து நிழலுக்கு ஓடிவரட்டும்.

தவறாகக் குறித்த பிள்ளையைத் திருத்தப் போகாதே. குறியும் நிழலும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது நீ வாயைத் திறக்காமல் ஒரு நிமிஷம் நில், அது போதும். "அப்ப உச்சிவெயில்னு ஏன் டீச்சர் சொல்றோம்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், அன்றைக்கு வேறெதுவும் நடத்தவேண்டாம்.

இங்கே எங்களுக்கு நிழலில்லாத நாள் மே 6 வாக்கில், 11:56க்கு. உங்கள் தாளை அனுப்பு, எங்கள் பிள்ளைகளின் தாளை நானும் அனுப்புகிறேன். முந்திக்கொண்டு மழை வந்துவிட்டால் குச்சியை எடுத்துப் பத்திரமாக வை, டிசம்பர் 22க்கு வேண்டும். அன்றைக்கு நடுப்பகல் நிழல் 25 செ.மீ., குச்சியின் நீளத்துக்கே கிட்ட வந்துவிடும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மீனாட்சி